சீனம் தமிழில் எழுதிய கல்லும் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகையும்

2021 மே மாதம். கொரோனாப் பயணத்தடையில் கொழும்பு அடைபட்டுக் கிடந்தது. தெமட்டகொடையில் நான் இருக்கும் ஒழுங்கையிலும் ஆள் நடமாட்டம் இல்லை. அப்போது எனது தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியுடன் திறக்கப்பட்ட இலத்திரனியல் நூலகத்தின் நினைவுப் பலகை. சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, மூன்றாவதாகச் சீனம் இருந்தது. தமிழ் இல்லை. படத்தை அனுப்பியவர் என்னோடு வன்னியில் இருந்து இடம்பெயர்ந்து, இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பர். "பார்த்தீரே, எங்கட இடத்தில சீனன் ஏறி இருக்கிறான்" என்று கீழே எழுதியிருந்தார்.

கண்டனங்கள் எழுந்த பிறகு அந்தப் பலகை அகற்றப்பட்டது. அதே நாட்களில் துறைமுக நகரத்திலும் தமிழ் இல்லாத பலகை ஒன்றைப் பற்றிப் பேச்சு எழுந்தது. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. அது எழுதப்பட வேண்டிய இடத்தில் எழுதப்படாதபோது வரும் கோபம் எங்களுக்குப் புதிதல்ல. யுத்தம் முடியும் காலத்தில் கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்தில் என்னிடம் வாக்குமூலம் எடுத்தார்கள். நான் தமிழில் சொன்னேன், அவர்கள் சிங்களத்தில் எழுதினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே நான் கையொப்பம் வைத்தேன். இதை வாசிப்பவர்களில் பலர் அப்படி வைத்திருப்பார்கள்.

ஆனால் நண்பருக்கு நான் வேறொரு பதில் எழுதினேன்: "அறுநூறு வருசத்துக்கு முந்தி இதே சீனம் இந்தத் தீவுக்கு ஒரு கல்லுக் கொண்டுவந்தது. அதில தமிழ் இருக்கு. சிங்களம் இல்லை. கல்லு இப்பவும் கொழும்பிலதான் நிக்குது." அவர் நம்பவில்லை. முகநூலில் வரும் புளுகுகளில் ஒன்று என்று நினைத்தார். நான் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மைக்கு இருக்கும் பொருள், நாங்கள் பெருமையாக நினைத்துக்கொள்ளும் பொருள் அல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தெமட்டகொடையில் இருந்து பொரளை வந்து, அங்கிருந்து தேசிய நூதனசாலைக்குப் போவது பெரிய பயணம் அல்ல. ஆளுநர் வில்லியம் கிரகரி 1877 ஜனவரி முதலாம் திகதி திறந்துவைத்த வெள்ளைக் கட்டடம் அது. கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தக்காரர். உள்ளே அந்தக் கல் நிற்கிறது. ஏறத்தாழ ஐந்தடி உயரம், இரண்டரை அடி அகலம், ஐந்து அங்குலத் தடிப்பு. தலைப்பகுதியில் இரண்டு ட்ராகன்கள். வலது பக்கம் சீனம், இடது பக்கத்தின் மேற்பாதியில் தமிழ், அதன் கீழே பாரசீகம். சீனப் பகுதிதான் தெளிவாக இருக்கிறது. தமிழ் பல இடங்களில் தேய்ந்துவிட்டது. பாரசீகம் அதைவிட மோசம். தேய்ந்ததற்குக் காரணம் உண்டு. 1911இல் காலியில் ஒரு பொறியியலாளரின் கண்ணில் படும்வரை அது ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது, எழுத்துப் பக்கம் கீழே பார்த்தபடி. தமிழ்ப் பகுதியை வாசித்து 1933இல் வெளியிட்டவர் பேராசிரியர் செனரத் பரணவிதான.

கல்லில் உள்ள சீனத் திகதி 1409ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்துக்குரியது. கப்பல்கள் புறப்பட்டது அந்த ஆண்டின் பிற்பகுதியில். ஆகவே இது இலங்கைக்கு வந்து இறங்கியபின் வெட்டிய கல் அல்ல. மிங் பேரரசின் அப்போதைய தலைநகரான நாஞ்சிங்கில் எழுத்து வெட்டி முடித்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த கல். தமிழ் தெரிந்த ஒருவர், பாரசீகம் தெரிந்த ஒருவர் அங்கே அருகில் இருந்திருக்க வேண்டும். சீனாவில் தமிழ் எழுத்து அதற்கு முன்னரும் வெட்டப்பட்டிருக்கிறது. சுவான்சூ துறைமுகத்தில் சிவன் கோயில் எழுப்பிய தமிழ் வணிகர்கள் 1281இல் வைத்த தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. சோழர் 11ஆம் நூற்றாண்டில் சீனாவுக்குத் தூது அனுப்பியதும் தெரிந்த செய்தி.

மூன்று மொழியிலும் ஒரே செய்திதான் எழுதியிருக்கும் என்று நினைத்தால் அதுதான் இல்லை. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. கடற்பயணம் பத்திரமாக நடந்ததற்கு நன்றி சொல்லிக் காணிக்கை வைக்கிறது. தமிழ்ப் பகுதியில் புத்தர் இல்லை. சீனத்துப் பேரரசன் தெனாவரை நாயனாரின் புகழைக் கேள்விப்பட்டு அனுப்பிய காணிக்கை என்கிறது. தெனாவரை என்பது இன்றைய தெவிநுவர, தெற்கு முனையில் இருந்த பெரிய விஷ்ணு கோயில். பாரசீகப் பகுதி இஸ்லாமிய வணக்கத்தோடு பேசுகிறது. காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான்: ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டுத் துணிகள், வெண்கலத் தூபக்கால்கள், பூச்சாடிகள், விளக்குகள், சீன நிறையில் 2500 கட்டி நறுமண எண்ணெய். மூன்று சமயத்தவருக்கும் ஒருவர் மற்றவரைவிடக் குறைவாகப் பெற்றதாகச் சொல்ல இடம் வைக்கவில்லை. கணக்கில் அவ்வளவு கவனம்.

இந்தக் கவனம் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சீனம் அந்தக் காலத்தில் அந்நியரோடு எப்படி உறவு வைத்தது என்று பார்க்க வேண்டும். பிற்காலப் பேரரசு என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது 1368இல் தொடங்கிய மிங் வம்சத்தையும், 1644இல் அதன் இடத்தைப் பிடித்த மஞ்சுக்களின் சிங் வம்சத்தையும். 1912இல் அது முடிந்தது. இந்த ஐந்நூற்றுச் சொச்ச வருடங்களில் பெரும்பகுதிக்குச் சீனாவில் வெளிவிவகார அமைச்சு என்ற ஒன்றே இருக்கவில்லை. கடல்வழி வரும் தூதர்களைக் கவனித்தது சடங்குகளுக்கான அமைச்சு. தூதர் எந்த வாசலால் வரவேண்டும், எத்தனை தரம் மண்டியிட வேண்டும், என்ன விருந்து, திரும்பும்போது என்ன பரிசு என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகும். வெளியுறவு என்பதே ஒரு சடங்கு. நடுவில் பேரரசர், சுற்றிவர மற்றவர்கள். மற்றவர்கள் கப்பம் கொண்டுவருவார்கள். பேரரசர் அதைவிடப் பெறுமதியான பரிசு கொடுத்து அனுப்புவார், அரசனுக்கு அங்கீகாரமும் கொடுப்பார்.

கப்பம் என்றவுடன் எங்களுக்கு வேறு ஞாபகம் வரும். இது அந்தக் கப்பம் அல்ல. பண லாபம் பெரும்பாலும் கொண்டுவருபவருக்குத்தான். மிங் ஆட்சி தன் மக்கள் தனியாகக் கடல் வாணிபம் செய்வதைத் தடை செய்திருந்தது. அந்தத் தடை 1567இல்தான் தளர்ந்தது. எனவே சீனப் பட்டும் பீங்கானும் வேண்டும் என்றால் சட்டப்படி நுழையக்கூடிய கதவு கப்பத் தூது ஒன்றுதான். தூதரோடு வணிகரும் வருவார்கள், சரக்கும் வரும். சடங்குக்குப் பின்னால் சந்தை இருந்தது.

யொங்லே பேரரசருக்கு இந்தச் சடங்கு வழக்கத்தைவிட அதிகமாகத் தேவைப்பட்டது. 1402இல் அவர் சிம்மாசனம் ஏறியது சொந்த அண்ணன் மகனைப் போரில் கவிழ்த்து. உள்நாட்டில் உரிமை கேள்விக்குரியது என்றால், தூரதேசத்து அரசர்கள் வரிசையாக வந்து மண்டியிடுவதைவிட வேறு என்ன நல்ல பதில்? 1405 முதல் 1433 வரை ஏழு பெரும் கடற்பயணங்கள் நடந்தன. ஒவ்வொன்றிலும் இருபத்தேழாயிரம் பேர் அளவில் போனதாகச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. பெரும்பாலோர் படைவீரர்.

தலைமை தாங்கியவர் செங் ஹே. இவரைப் பற்றி எழுதுபவர்கள் கப்பல்களின் நீள அகலத்தில் நின்றுவிடுவார்கள். எனக்கு அவருடைய பிள்ளைப் பிராயம்தான் மனதில் நிற்கிறது. யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பம். தகப்பனும் பாட்டனும் மக்காவுக்குப் போய் வந்தவர்கள். 1381இல் மிங் படை யுன்னானைப் பிடிக்க வந்தபோது அவருக்குப் பத்து வயதளவு. தகப்பன் செத்துப்போனார். பிள்ளையைப் படையினர் பிடித்து, விதை நீக்கி, ஒரு இளவரசனுக்கு வேலையாளாகக் கொடுத்தார்கள். அந்த இளவரசன்தான் பின்னாளில் யொங்லே. தன் ஊரை அழித்த அரசின் கடற்படையை நடத்திக்கொண்டு, தன் சமயத்தின் மொழியையும் சேர்த்து வெட்டிய கல்லோடு அவர் இங்கே வந்தார். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது நண்பரின் கேள்விக்கு வரலாம். ஏன் தமிழ்? தமிழர் மேல் அன்பால் அல்ல. இந்துக் கடலின் துறைமுகங்களில் அன்று வியாபாரம் நடந்த மொழிகளில் தமிழும் பாரசீகமும் முன்னுக்கு நின்றன. காலியிலும் தெவிநுவரவிலும் கப்பலில் இருந்து சரக்கை வாங்குபவர், பணம் மாற்றுபவர், கோயிலுக்குக் கொடை கொடுப்பவர் அந்த மொழிகளில் பேசினார்கள். தெனாவரைக் கோயில் கடலோடிகளின் கோயில். 1344இல் வந்த இபுன் பதூதாவும் அந்த ஊரையும் கோயிலையும் எழுதிவைத்திருக்கிறார். சீனம் அந்தச் சந்தையின் ஆட்களிடம் பேசியது. சிங்கள அரசனின் சமயத்துக்கு மரியாதை சீனப் பகுதியில் புத்தருக்குச் செய்த வணக்கமாகப் போய்விட்டது.

ஆகையால் இந்தக் கல்லைக் காட்டி "தெற்கு முழுக்கத் தமிழரின் இடம்" என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. "தமிழர் வெறும் வந்தேறி வியாபாரிகள், அதற்குச் சாட்சி இந்தக் கல்" என்று மறுபக்கம் எழுதுபவர்களோடும் இல்லை. கல் இரண்டையும் சொல்லவில்லை. இந்தத் தீவின் கரையில் தமிழைத் தவிர்த்துவிட்டுக் காரியம் பார்க்க முடியாது என்று ஒரு வல்லரசு 1409இல் கணக்குப் போட்டது. கல் அதைத்தான் சொல்கிறது.

காணிக்கை கொடுத்த அதே பயணத்தில் சண்டையும் நடந்தது. இந்தப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் சீன-இலங்கை நட்புறவு விழாக்களில் கல்லைப் பற்றிப் பேசுவார்கள். அப்போது தென்மேற்கில் அதிகாரம் அழகக்கோனார் குடும்பத்தின் கையில் இருந்தது. தென்னிந்தியாவில் இருந்து வந்த வணிகக் குடும்பம் அது, சிங்கள அரசவையில் உயர்ந்து அரசையே கையில் எடுத்தது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் மேற்குக் கரையில் வைத்திருந்த வரி அறவிடுவோரை 14ஆம் நூற்றாண்டில் விரட்டி, கோட்டையில் அரண் கட்டியவர் அந்தக் குடும்பத்தின் நிசங்க அழகக்கோனார். தெமட்டகொடையில் இருந்து பொரளை, இராஜகிரிய என்று சில கிலோமீற்றர் போனால் அந்த அரணின் மிச்சத்தைப் பார்க்கலாம். செங் ஹே எதிர்கொண்டது அவருக்குப் பின் வந்த வீர அழகேஸ்வரரை.

மிங் அரச குறிப்பு சொல்லும் கதை இது. அழகேஸ்வரர் முதற் பயணத்திலேயே மரியாதை செய்யவில்லை. இம்முறை செங் ஹேயை உள்நாட்டுக்குள் அழைத்து, பொன்னும் வெள்ளியும் கேட்டு, மறுபக்கம் ஐம்பதாயிரம் பேரை அனுப்பிக் கப்பல்களைக் கொள்ளையிடப் பார்த்தார். மரங்களை வெட்டிப் போட்டுத் திரும்பும் பாதையை அடைத்தார். செங் ஹே திரும்பாமல், படை வெளியே போனதால் தலைநகர் வெறுமையாக இருக்கும் என்று கணித்து, இரண்டாயிரம் பேருடன் வேறு பாதையால் போய் நகரைப் பிடித்தார். அரசரையும் குடும்பத்தையும் கைதியாக்கினார். 1411 யூலையில் அவர்களைப் பேரரசர் முன் நிறுத்தினார்கள். பேரரசர் இரங்கி விடுவித்தார். கூடவே, அந்தக் குலத்தில் தகுதியான வேறொருவரைத் தேடி அரசராக்கும்படி கட்டளையிட்டார். அதையும் கவனித்தது சடங்குகளுக்கான அமைச்சுத்தான்.

வென்றவர் எழுதிய குறிப்பு என்பதை நாங்கள் மறக்கக்கூடாது. ஐம்பதாயிரம், இரண்டாயிரம் என்ற எண்களைப் பார்த்தாலே தெரியும். போர் முடிந்தபின் எத்தனை பேர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்ற கணக்கு எப்படி எழுதப்படும் என்பதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. சிங்கள இராஜாவலியவும் ஓர் அரசன் சீனருக்குக் கைதியாகிப் போனதைச் சொல்கிறது, ஆனால் அரசனின் பெயரும் நிகழ்ச்சியும் அங்கே வேறு. பிடிபட்ட தலைநகர் கோட்டைதான் என்று பலர் கொள்கிறார்கள். கம்பளை என்றும் றைகம என்றும் சொல்வோர் உண்டு.

இதன் விளைவு யாழ்ப்பாணம் வரை வந்தது. அழகேஸ்வரர் அகற்றப்பட்ட வெற்றிடத்தில் கோட்டையில் எழுந்தவர் ஆறாம் பராக்கிரமபாகு. சீனக் குறிப்பு அரசராக நியமித்ததாகச் சொல்லும் ஆள் இவரே என்பது பலரின் கருத்து, எல்லோரும் ஏற்பதில்லை. எப்படியானாலும் இவர் காலத்தில் கோட்டையில் இருந்து சீனாவுக்குத் தூதுகள் போயின. கடைசித் தூது 1459இல். நடுவில், 1450 அளவில், இவருடைய தளபதி சப்புமல் குமாரய, நாங்கள் செண்பகப் பெருமாள் என்று அறிந்தவர், யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார். ஆரியச் சக்கரவர்த்தியின் குடும்பம் தமிழகத்துக்கு ஓடியது. பதினேழு வருடம் யாழ்ப்பாணம் கோட்டையின் கீழ் இருந்தது. சீனம் யாழ்ப்பாணத்தை நினைத்து எதையும் செய்யவில்லை. அதன் கணக்கில் நாங்கள் இருக்கவும் இல்லை. ஆனால் யார் ஆள்வது என்பதில் அது வைத்த ஒரு கை, நாற்பது வருடத்துக்குள் எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டது.

கப்பம் கட்டியவருக்கு ஆபத்து வந்தால் பேரரசர் காப்பாற்றுவாரா? ஒரு தரம் சோதித்துப் பார்க்கப்பட்டது. மலாக்கா சுல்தான்கள் மிங் பேரரசின் மிக விசுவாசமான கப்பக்காரர்கள். 1511இல் போர்த்துக்கேயர் மலாக்காவைப் பிடித்தபோது சுல்தான் சீனாவிடம் முறையிட்டார். பேரரசு போர்த்துக்கேயத் தூதர் தொமே பிரேசைச் சிறையில் போட்டது. கண்டித்தது. கடற்படை வரவில்லை. செங் ஹேயின் கப்பல்கள் அதற்கு எத்தனையோ காலம் முன்பே நின்றுபோயிருந்தன. வடக்கே மொங்கோலியரைத் தடுப்பதற்கே பணம் போதவில்லை. 1505இல் போர்த்துக்கேயர் கொழும்புக்கு வந்தபோதும், 1588இல் தெனாவரைக் கோயிலை இடித்துக் கொள்ளையிட்டபோதும், 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோதும் கிழக்கே இருந்து எந்தப் பாயும் தெரியவில்லை. பொன்னும் வெள்ளியும் காணிக்கையாகப் பெற்ற கோயிலின் இடத்தில் இன்று சிதைந்த தூண்கள்தான் மிச்சம்.

மஞ்சுக்களின் காலத்தில் கதவு இன்னும் ஒடுங்கியது. 1757 முதல் ஐரோப்பியர் கடல் வழியாக வந்து வாணிபம் செய்யக் கன்டன் ஒன்றே துறைமுகம். அங்கும் அரசு அனுமதித்த சில வணிகக் குழுக்களோடு மட்டும் பேசலாம். இதை மாற்றித்தரும்படி கேட்க 1793இல் பிரித்தானியா அனுப்பிய தூதர் மக்கார்ட்னி பிரபு. எங்களுக்கு இவர் அந்நியர் அல்ல. 1781 முதல் 1785 வரை சென்னை ஆளுநர். ஹைதர் அலியோடு போர் நடந்த காலம். 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடம் இருந்து திருகோணமலையைப் பிடிக்கப் படை போனது இவர் ஆளுநராக இருந்தபோதுதான். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் பிரெஞ்சுக்காரர் அதைப் பறித்தார்கள். சென்னையில் இவருக்குச் செயலாளராக இருந்த ஸ்டோண்டனே சீனாவுக்கும் கூடப் போனார்.

மக்கார்ட்னியின் தூதுக் கதையில் எல்லோருக்கும் தெரிந்தது மண்டியிடும் தகராறு. மூன்று தரம் மண்டியிட்டு ஒன்பது தரம் நிலத்தில் தலை படவேண்டும் என்றது அரசவை. தன் அரசருக்குச் செய்வதைத்தான் செய்வேன், ஒரு முழங்கால் மட்டும் என்றார் அவர். அகங்காரம் என்று சீனர் மேல் பழி போடுவது ஐரோப்பியர் வழக்கம். எனக்கு அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. ஒரு கடலோரத் துறைமுகத்தில் வியாபாரியாக நுழைந்த கொம்பனி, கோட்டை கட்டி, படை வைத்து, ஆட்சியையே எடுத்துக்கொள்ளும் என்பதற்கு ஆற்காடும் தஞ்சாவூரும் அப்போதே சாட்சி. சீனாவில் பிரித்தானியர் கேட்ட பட்டியலில் சரக்கு வைக்கவும் குடியிருக்கவும் ஒரு சிறு தீவும் இருந்தது. பேரரசர் சியென்லுங் மறுத்தார். மறுத்ததில் என்ன பிழை?

அரை நூற்றாண்டுக்குள் பிரித்தானியர் கேட்டதைப் பீரங்கியால் எடுத்தார்கள். தேயிலை வாங்கக் கொடுத்த வெள்ளியைத் திரும்ப எடுக்க, இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவுக்குள் கள்ளமாக இறக்கினார்கள். 1839இல் ஆணையாளர் லின் சேசூ அதைப் பறித்து அழித்தார். போர் வந்தது. அந்தப் போருக்கு எங்கள் கரைகளில் இருந்தும் ஆட்கள் போனார்கள். இலங்கையில் நிலைகொண்டிருந்த 18ஆவது றோயல் ஐரிஷ் படைப்பிரிவு 1840இல் கப்பலேறியது. சென்னை இராணுவத்தின் காலாட்படைப் பிரிவுகளும் பொறியியல் படையும் போயின. 1841 மே மாதம் கன்டனுக்கு அருகே சான்யுவான்லி கிராமத்தவர்கள் கொட்டும் மழையில் சுற்றி வளைத்தது சென்னையின் 37ஆவது காலாட்படையைச் சேர்ந்த ஒரு பிரிவை. துப்பாக்கி மருந்து நனைந்து வெடிக்கவில்லை. அந்நியருக்கு எதிராக மக்கள் எழுந்த முதற் சம்பவமாகச் சீனப் பாடப்புத்தகங்கள் அதைச் சொல்லிக் கொடுக்கின்றன. அந்தப் பக்கம் நின்ற சிப்பாய்களில் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதை நாங்கள் எங்கள் பாடப்புத்தகங்களில் படிக்கவில்லை. பிழைப்புக்குப் படையில் சேர்ந்த ஏழைகள், யாருடைய அபினுக்காகச் சுடுகிறோம் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

1842 ஓகஸ்ட் 29இல் நாஞ்சிங் உடன்படிக்கை கைச்சாத்தானது, செங் ஹேயின் கல் வெட்டப்பட்ட அதே நாஞ்சிங்கில். ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. கொங்கொங் தீவு கொடுக்கப்பட்டது. 21 மில்லியன் வெள்ளி டொலர் இழப்பீடு. பிறகு அமெரிக்கர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யர். ஒருவருக்குக் கொடுத்த சலுகை எல்லோருக்கும் தானாகச் சேரும் என்ற விதியும் வந்தது. அந்நியர் சீன மண்ணில் குற்றம் செய்தால் சீன நீதிமன்றம் விசாரிக்க முடியாது. 1860இல் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் பீஜிங்கின் கோடைகால அரண்மனையை எரித்தபின், 1861இல்தான் முதன்முறையாக வெளிவிவகாரத்துக்கென ஒரு அலுவலகம் திறக்கப்பட்டது. சுங்கத் திணைக்களத்தின் தலைவராக ஒரு ஐரிஷ்காரர், றொபேட் ஹார்ட், நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தார். 1895இல் யப்பானிடம் தோற்று 200 மில்லியன் தேல் வெள்ளி, 1901இல் எட்டு நாடுகளின் படையெடுப்புக்குப் பின் 450 மில்லியன் தேல். கட்டக் காசில்லை. சுங்க வருமானமும் உப்பு வரியும் ஈடு வைக்கப்பட்டன.

குத்தகை வந்தது 1898இல். ஒரே ஆண்டில் ஜேர்மனி ஜியாவ்சோவை 99 வருடத்துக்கு எடுத்தது. ரஷ்யா போர்ட் ஆர்தரை 25 வருடத்துக்கு. பிரித்தானியா கொங்கொங்கின் புதிய நிலப்பகுதிகளை 99 வருடத்துக்கு. பிரான்ஸ் குவாங்சோவானை 99 வருடத்துக்கு. விற்பனை என்று எழுதினால் நாட்டில் கொந்தளிப்பு வரும், குத்தகை என்று எழுதினால் இறைமை உங்களுடையதே என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த எண்ணிக்கையின் சூழ்ச்சி அதுதான். கையெழுத்து வைத்தவர்களில் யாரும் முடிவைப் பார்க்க உயிரோடு இருக்கப் போவதில்லை. கொங்கொங் 1997 யூலை முதலாம் திகதி திரும்பியது. அந்த நூற்றாண்டைச் "அவமானத்தின் நூற்றாண்டு" என்றுதான் சீனாவில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்கள்.

அதே சீனாவின் அரச நிறுவனம் ஒன்று 2017 யூலையில் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 1.12 பில்லியன் டொலருக்கு எடுத்துக்கொண்டபோது ஒப்பந்தத்தில் எழுதிய காலம் 99 வருடம். இலங்கை கேட்டுக் கொடுத்தது, பீரங்கி எதுவும் வரவில்லை, கடனில் பெரும்பங்கு சீனாவுடையதும் அல்ல என்று பொருளியலாளர்கள் சொல்வது சரி. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணின் வலியை உலகத்தில் யாரையும்விட நன்றாக அறிந்தவர்கள், மற்றவரின் கரையில் அதே எண்ணை எழுதும்போது கை நடுங்கவில்லை.

2009 மே 27இல் ஜெனீவாவில் நடந்த சிறப்பு அமர்வும் என் நினைவில் நிற்கிறது. முள்ளிவாய்க்கால் முடிந்து ஒன்பதாம் நாள். இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை 12, விலகியவை 6. சீனாவும் இந்தியாவும் ஒரே பக்கம் கை உயர்த்தின. நாங்கள் அப்போது முட்கம்பிக்குள் இருந்தோம். யார் கைவிட்டார், யார் காப்பாற்றுவார் என்று முகாமில் நாங்கள் பேசாத நாடு இல்லை. சீனாவின் பெயர் அந்தப் பேச்சில் அதிகம் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அதே சீனம் 2021 டிசம்பரில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. தூதுவர் வேட்டி கட்டி, மேற்சட்டை கழற்றி நல்லூர்க் கோயிலுக்குப் போனார். மீனவர்களுக்கு வலைகள் வழங்கப்பட்டன. அதே ஆண்டின் தொடக்கத்தில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் மின் திட்டம் ஒரு சீன நிறுவனத்துக்குப் போய், இந்தியா எதிர்த்து, ஆண்டு முடிவில் இடைநிறுத்தப்பட்டிருந்தது. பிறகு அது இந்தியாவின் நன்கொடைத் திட்டமாக மாறியது. தீவுகளில் இருப்பவர்களுக்கு மின்சாரம் தேவை. எந்தத் திசையில் இருந்து வருகிறது என்பது டெல்லிக்கும் பீஜிங்குக்கும்தான் பெரிய விடயம். நல்லூர்ப் படத்தைப் பார்த்தபோது எனக்குத் தெனாவரை நாயனாரின் காணிக்கைப் பட்டியல்தான் நினைவுக்கு வந்தது. கோயிலுக்குப் போவது, மரியாதை செய்வது, பொருள் கொடுப்பது. 1409இல் செய்த ஒழுங்கு மாறவில்லை.

பயணத்தடை நீங்கி சில மாதங்களுக்குப் பின் நண்பரையும் கூட்டிக்கொண்டு நூதனசாலைக்குப் போனேன். அவர் கல்லின் முன் நெடுநேரம் நின்றார். தமிழ்ப் பகுதி எது என்று காட்டினேன். சில எழுத்துகள் பிடிபட்டன, சொல்லாகச் சேரவில்லை. சீனப் பகுதியின் கோடுகள் நேற்று வெட்டியதுபோல இருந்தன. "தமிழ் இருந்தால் போதுமா, என்ன எழுதியிருக்கு எண்டு தெரிய வேணுமே" என்றார். நான் பட்டியலைச் சொல்லச் சொல்ல விரல்விட்டு எண்ணினார். பொன், வெள்ளி, பட்டு, விளக்கு, எண்ணெய். பிறகு, "அடுத்த வருசம்தானே அரசனைப் பிடிச்சுக்கொண்டு போனவை?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். வெளியே வந்து பொரளைக்குப் பஸ் பார்த்து நின்றோம்.